ஃபைல் இல்லாமல் வேலூருக்கு வந்தவனின் மதிப்புரை

வேலூருக்கு ஆசைப்பட்டு வந்து குடியேறியவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் அடுக்கிய தடித்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவர்கள், பொறியியல் சீட்டு கிடைத்து வருகிற வெளிமாநிலப் பிள்ளைகள், தொரப்பாடி மத்திய சிறையில் இருப்பவரை மனுப் போட்டுப் பார்க்க வருகிற குடும்பங்கள், மாறுதல் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எரிச்சலோடு வந்து சேர்கிற என்னைப் போன்ற ஊழியர்கள் என்று, ஏதோ ஒரு கட்டாயம்தான் மனிதர்களை இந்த ஊருக்குக் கொண்டுவருகிறது. 2011 ஜூன் மாதம் காட்பாடி சந்திப்பில் இறங்கி ஆட்டோவில் ஏறியபோது, ஓட்டுநர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "ஓ.பி.யாண்ணா, ரூம் பார்க்கணுமா?" என்பதுதான். இரண்டும் இல்லை, வீடு பார்க்க வேண்டும் என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்கியேவா?" என்றார்.

மூன்று ஆண்டுப் பணிக்காலம் முடிந்ததும் மன்னார்குடிப் பக்கம் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் வந்தவன், பதினான்கு ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறேன். சத்துவாச்சாரியில் வீடும் வாங்கிவிட்டேன். ஓர் உணவகத்தைப் போலவோ துணிக்கடையைப் போலவோ ஊரை மதிப்பிட முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் வாடகை கொடுத்து, வரி கட்டி, தண்ணீருக்குக் காத்திருந்து, ஆண்டுக்கு ஐம்பது முறை பயணம் செய்து பார்த்த ஒருவன், வாங்கிய பொருளைப் பற்றி நான்கு வார்த்தை சொல்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இது பயன்படாது. குடியிருக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வேலூரில் வீடு எடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி, அந்த வீடு அவருக்கு மட்டும் உரியதாக இராது என்பதே. நான் குடிவந்த மூன்றாவது மாதத்தில், ஒரே ஒரு திருமணத்தில் பார்த்துப் பழகிய ஒரு பையன் இரவு ஒன்பதரை மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "சித்தப்பா, நீங்க வேலூர்லதான இருக்கீங்க?" என்றான். அந்த ஒரு கேள்வியின் பொருள் இந்த ஊர்க்காரர் அனைவருக்கும் தெரியும். அவனுடைய அப்பாவுக்குக் கழுத்தில் கட்டி, திருவாரூரில் பார்த்து, தஞ்சாவூரில் பார்த்து, கடைசியில் "சி.எம்.சி.க்கே போயிடுங்க" என்று இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் வேலை என்று வந்தவர்கள் பதினெட்டு நாள் தங்கினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்தெழுந்த உறவினர்களையும், உறவினர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களையும் எண்ணிச் சொல்ல என் மனைவியால் மட்டுமே முடியும். விடியற்காலையில் எத்தனை மணிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், எந்த நுழைவாயில், பொதுப் பிரிவுக்கும் தனிப் பிரிவுக்கும் என்ன வேறுபாடு, சோதனை முடிவு வருவதற்குள் ஊருக்குப் போய்த் திரும்பலாமா கூடாதா என்பதெல்லாம், மருத்துவத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு வங்கிக் குமாஸ்தாவான எனக்கு மனப்பாடம். இதைக் குறையாகச் சொல்வதா நிறையாகச் சொல்வதா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. ஊரில் இருந்தபோது முகம் கொடுத்துப் பேசாத பங்காளி ஒருவர், தம் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த இரவில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவமனைதான் சி.எம்.சி. இன்றைக்கு அது இந்த ஊரின் கடிகாரமாகவே ஆகிவிட்டது. 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி, 1961இல் நாட்டின் தொடக்ககாலத் திறந்த இதய அறுவைச் சிகிச்சைகளில் ஒன்று, 1971இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை என்று அதன் பெருமைகளை அடுக்கலாம். குடியிருப்பவனின் கண்ணுக்குத் தெரிவது வேறு. ஆற்காடு சாலையையும் பாபு ராவ் தெருவையும் சுற்றியுள்ள சந்துகளில் காலை ஐந்தரை மணிக்கு நடந்தால், கடைப் பலகைகளில் வங்க எழுத்து தமிழுக்குச் சமமாக நிற்கும். அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் திறந்திருக்கும். வேறெந்த வட ஆற்காட்டுச் சந்தையிலும் யாரும் வாங்காத, கோவைக்காயின் அண்ணனைப் போலிருக்கும் பொட்டோல் என்ற காய் கூடை கூடையாக இறங்கும். அந்தக் காயை விற்கும் அம்மாள் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். கொல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் காயைக் கிள்ளிப் பார்க்க, "பாலோ, பாலோ, எட்து போ" என்று வங்கத்தையும் வட ஆற்காட்டுத் தமிழையும் ஒரே மூச்சில் கலந்து வியாபாரத்தை முடித்தார். முதியவரின் மனைவி எந்த வார்டில் இருக்கிறார் என்பதும் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

தமிழும் தெலுங்கும் உருதும் ஏற்கெனவே புழங்கிய ஊர் இது. ஆந்திர எல்லை காட்பாடிக்கு வடக்கே கூப்பிடு தூரம்தான். அதன் மேல் வங்கமும் இந்தியும் வந்து சேர்ந்தபோது இங்கே பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை. அந்நியர்களை இயல்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம், அந்நியர்களால் பிழைக்கும் ஊருக்கு வந்துவிடுகிறது போலும். என்னுடைய தஞ்சாவூர் உச்சரிப்பைக் கேட்டு இங்கே யாரும் சிரித்ததில்லை. அவர்களுடைய "இன்னா"வையும் "கீது"வையும் கேட்டு முதல் ஆண்டில் சிரித்தவன் நான்தான். இப்போது ஊருக்குப் போனால் என் பேச்சைக் கேட்டு அண்ணன் சிரிக்கிறார்.

ஊரைப் பற்றி உள்ளூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய வாசகம் ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இன்னும் இரண்டு தொடர்கள் உண்டு. அவை எழுதத் தகுந்தவை அல்ல. வேலூரின் பெயரைக் கெடுத்ததில் வெயிலுக்கு அடுத்த பங்கு இந்த வாசகத்துக்குத்தான் என்பது என் கணிப்பு. வாங்குபவன் விளம்பரத்தைச் சோதிப்பதைப் போல இந்த எதிர் விளம்பரத்தையும் சோதித்துப் பார்க்கலாம்.

ராஜா இல்லாத கோட்டை என்பது சரியல்ல. ராஜாக்கள் இருந்தார்கள், கைதிகளாக. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவருடைய குடும்பத்தை ஆங்கிலேயர் இங்கேதான் அடைத்து வைத்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கர் இங்கேயே இருந்து 1832இல் இறந்தார், பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. புதிய தலைப்பாகையும், தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் விதிக்கப்பட்ட தடையும் சிப்பாய்களை 1806 ஜூலை 10 அன்று எழச் செய்ததும், அன்றே ஆற்காட்டுக் குதிரைப் படை வந்து அதை அடக்கியதும் பாடப் புத்தகத்தில் உள்ளவை. குடியிருப்பவனுக்குக் கோட்டை என்பது மாலை நேரத்துக்கான ஒரே விடை. அகழியை ஒட்டி நடப்பதற்கும், கல் மதிலின் மேல் உட்கார்ந்து காற்று வாங்குவதற்கும், வந்த விருந்தாளியைக் கூட்டிச் செல்வதற்கும் இதைவிட்டால் நகருக்குள் வேறு இடம் கிடையாது. சிறு வயதில் சபாக் கச்சேரியும் கோயில் நாகஸ்வரமும் கேட்டு வளர்ந்த எனக்கு, ஐந்து லட்சம் பேர் அளவுக்குப் பெருகிவிட்ட ஒரு மாநகரில் மாலைப் பொழுதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பது இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சாமி இல்லாத கோயிலின் கதை 1981இல் முடிந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை அந்த ஆண்டு மார்ச்சில் மீண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களுக்கு இணையாகச் சொல்லத்தக்க வேலைப்பாடு தமிழ்நாட்டில் சில இடங்களில்தான் உண்டு. ஆனால் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் பேருந்து ஏறுகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இதைப் பார்க்க வருவதாகத் தெரியவில்லை. ஒருவகையில் அதுவும் எங்களுக்கு வசதிதான். பிரதோஷம் தவிர்த்த நாள்களில் அந்த மண்டபத்தில் அரை மணி நேரம் எவர் தொந்தரவும் இல்லாமல் உட்காரலாம்.

ஆறு பற்றிய தொடர்தான் கசப்பான உண்மை. கர்நாடகத்தின் நந்தி மலையில் தொடங்கி 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே முட்புதரும் குப்பையும் மணல் அள்ளிய பள்ளங்களுமாகக் கிடக்கிறது. கையால் தோண்டினாலே ஊற்று வரும் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊற்றை மணலோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டோம். மேலே வாணியம்பாடியும் ஆம்பூரும், கீழே இராணிப்பேட்டையும் தோல் பதனிட்ட கழிவை இந்த ஆற்றில்தான் விட்டன. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் வந்தது. ஆகவே நாட்டின் சட்டக் கல்லூரி மாணவர் எல்லோருக்கும் வேலூர் என்ற பெயர் தெரியும். ஆறாக அல்ல, வழக்காக. 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, நானும் என் மனைவியும் பாலத்தின் மேல் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றோம். எங்கள் பக்கத்தில் நின்றிருந்த ஒரு மூதாட்டி முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளையும் பூவையும் தண்ணீரில் விட்டுவிட்டு, "பார்த்துக்கோடா, அப்புறம் கேட்டா இருக்காது" என்று பேரனிடம் சொன்னார். காவிரிக் கரைப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். ஒரு ஊரே ஆற்றைப் பார்க்க விடுப்புப் போட்டுவிட்டு வந்து நிற்பதை முதல் முறையாக அன்றுதான் பார்த்தேன். இதில் இன்னொரு வேடிக்கை, இப்போது வேலூர் குடிக்கும் நீரில் ஒரு பகுதி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் காவிரியிலிருந்தே வருகிறது. ஊரை விட்டு வந்தாலும் காவிரி என்னை விடவில்லை.

மரமில்லாத மலைக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் நேரடி உறவு உண்டு. நகரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகல் முழுவதும் சூடேறி, இரவில் அதைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுக்கின்றன. சித்திரை, வைகாசியில் 105, 108 டிகிரி என்று செய்தித்தாளில் வரும் பட்டியலின் தலையில் வேலூர் இருப்பது வழக்கம். எண்ணைவிட அனுபவம் பொல்லாதது. மே மாத இரவு பதினொரு மணிக்குக் குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். வாளியில் பிடித்து வைத்து, அது ஆறும் வரை ஈரத் துண்டோடு கூடத்தில் உட்கார்ந்திருப்போம். மொட்டை மாடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால், பாய் விரிப்பதற்குள் தரை காய்ந்துவிடும். கடல் தொலைவில் இருப்பதால் கடற்காற்று எட்டுவது அரிது. இதற்கு மருந்து கிடையாது. மாற்றாக, மார்கழியிலும் தை முதல் வாரங்களிலும் சென்னைக்காரர்கள் அறியாத குளிர் கிடைக்கும், போர்வை எடுக்க வேண்டியிருக்கும். நட்சத்திரம் போடச் சொன்னால் ஜனவரியில் ஐந்துக்கு நான்கு போடுவேன். மே மாதத்தில் கேட்டால் இரண்டு.

வாடகை விஷயத்தில் இந்த ஊரை மிஞ்ச முடியாது. சென்னையில் என் தம்பி ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் தொகையில், காட்பாடி காந்தி நகரிலோ சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பிலோ கிணறும் முருங்கை மரமும் உள்ள தனி வீடு எடுக்கலாம். மருத்துவமனையை ஒட்டிய பகுதியில் மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே ஒவ்வொரு அறையும் நாள் கணக்கில் சம்பாதிப்பதால் மாத வாடகைக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் அப்படியே. என் முதல் வீட்டுக்காரர், நான் காலி செய்தபோது, அடிக்காத வெள்ளைக்கு முன்பணத்தில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அது வேலூருக்கே உரிய குணம் என்று சொல்ல மாட்டேன். சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எங்கள் தெருவை ஏழு மாதம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மூடியபின் வேறொரு குழாய்க்காக மறுபடியும் தோண்டினார்கள். புழுதிக்குப் பழகிவிட்டோம், என் மனைவியின் மூக்கு இன்னும் பழகவில்லை.

சாப்பாட்டில் வேலூருக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. 2019 நவம்பரில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது, சீரகச் சம்பாவில் செய்யும் ஆம்பூர் பிரியாணி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், பால்கோவா சேர்த்த மாவுக்குள் பருப்புகளை வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்த ஆற்காட்டு மக்கன் பேடா இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. அந்தப் பாகப் பிரிவினையில் வேலூருக்கு மிஞ்சியது அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் காயை முதல் முறை நேதாஜி மார்க்கெட்டில் வாங்கியபோது, எல்லாக் கத்தரிக்காயையும் எடுப்பதைப் போலக் கைநிறைய அள்ளினேன். காம்பையும் மூடியையும் சுற்றியிருந்த முள் விரலில் ஏறியது. கடைக்காரர் சிரித்துவிட்டு, "அடிப்பக்கம் புட்சி எடுணா" என்று வழி காட்டினார். முள் கூர்மையாக இருந்தால் காய் பறித்து ஒரு நாள்தான் ஆகிறது, தொட்டால் வளைந்தால் பழசு என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். நல்லெண்ணெயில் வதக்கினால் தோல் தனியே நிற்காமல் சதையோடு கரைந்துவிடும். எங்கள் பக்கத்துக் கத்தரிக்காயைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த என் மனைவி, இந்த ஒரு விஷயத்தில் கட்சி மாறிவிட்டார். காய்க்கும் கத்தரி, காயும் கத்திரி, இரண்டும் எங்களுக்கே சொந்தம் என்று உள்ளூர் நண்பர் ஒருவர் அலுத்துக்கொள்வார்.

பயண வசதிக்கு முழு மதிப்பெண். சென்னை ஏறத்தாழ 130 கிலோமீட்டர், பெங்களூரு அதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரண்டுக்கும் நடுவே செல்லும் ரயில்களில் பெரும்பாலானவை காட்பாடியில் நின்றுதான் போகின்றன, வந்தே பாரத் உட்பட. திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் இங்கிருந்தே பாதை பிரிகிறது. சீசன் டிக்கெட் எடுத்து நாள்தோறும் சென்னைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். இந்த வசதியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பல்கலைக்கழகமாக வளர்ந்த வி.ஐ.டி.யில் நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். படித்து முடித்த மறுநாள் காட்பாடியில் ரயில் ஏறிவிடுகிறார்கள். இங்கே படித்தவருக்கு இங்கே வேலை இல்லை. மருத்துவமனை, கல்லூரி, அரசு அலுவலகம், தோல் தொழில், கடை வியாபாரம் ஆகியவற்றுக்கு வெளியே இளைஞருக்கு நீட்டிக் காட்ட ஒன்றும் கிடையாது. என் மகளும் பெங்களூரில்தான் இருக்கிறாள். வெள்ளி இரவு வருகிறாள், ஞாயிறு மாலை போகிறாள், மே மாதத்தில் வருவதே இல்லை.

ஆகவே முப்பது வயதுக்குள் இருப்பவர் வேலை தேடி வேலூருக்கு வர வேண்டாம். வேலை கையில் இருப்பவர், பணி ஓய்வு பெற்றவர், வயதான பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்பவர் ஆகியோர் தயங்காமல் வரலாம்; நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் பத்து நிமிடத்தில் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரலாம் என்ற நிம்மதிக்கு வேறு ஊர்களில் கொடுக்க வேண்டியிருக்கும் விலை மிக அதிகம். வீடு பார்ப்பவர் மார்கழியில் வந்து ஏமாற வேண்டாம். மே மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேலே இன்னொரு மாடி இருக்கிற வீடாக எடுங்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். கூடம் பெரியதாக இருக்கட்டும். படுக்கையறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, நான்கு பாய் விரிக்க இடம் வேண்டும்.